கட்டக்கோரை கேஸ்

ஆகஸ்ட் 28, வியாழன்

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. பச்சை அட்டை போட்டது ஆய்வு நிலையத்துடையது. அதில் தினமும் காலை ஏழு மணிக்கு எத்தனை கிலோ பாசி போட்டோம், தொட்டி மூடி எவ்வளவு உயர்ந்தது, அடுப்பு எத்தனை நிமிடம் எரிந்தது என்று எழுத வேண்டும். எங்கள் தெருவில் என் கையெழுத்துதான் படிக்கிற மாதிரி இருக்கிறதாம். இது இரண்டாவது நோட்டு. பச்சை நோட்டில் எழுதினால் அடி விழக்கூடியதெல்லாம் இதில் வரும்.

விஷயம் இதுதான். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்ததும் வெள்ளமுனைக் கரையில் கட்டக்கோரை மலைமலையாக ஒதுங்கும். பழுப்பு நிறக் கடல்பாசி. அழுகினால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும். அந்த அழுகலையே ஒரு தொட்டிக்குள் பூட்டி வைத்தால் வாயு வரும், அதில் அடுப்பெரிக்கலாம் என்று ஆய்வு நிலையத்திலிருந்து தமயந்தி மேடம் வந்து சொன்னார். கோயம்புத்தூர்க்காரர். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

சாணக் கரைசல் ஊற்றித் தொட்டியை உயிர்ப்பித்தாயிற்று. மூன்று நாளாகச் சாண வாயுவில் அடுப்பு எரிகிறது. இன்றிலிருந்து பாசி. அக்டோபர் 24 அன்று ஒரு குழு வந்து பார்க்கும். பாசி வாயுவில் இரண்டு மணி நேரம் அணையாமல் அடுப்பு எரிந்தால் பெரிய ஆலை எங்கள் ஊருக்கு. எரியாவிட்டால் வடக்கே இன்னொரு ஊருக்கு. ஆலை வந்தால் பாசிப் பெண்கள் சங்கத்தில் பதினெட்டுப் பேருக்கும் கரையிலேயே வேலை. சங்கத் தலைவி சேசுராணி. எனக்கு அம்மா.

அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து கடலில் முங்கிப் பாசி எடுக்கிறாள். இடது காது போய்விட்டது. இன்னும் முங்கினால் வலதும் போகும் என்று டாக்டர் சொன்னார். அது இந்த நோட்டில் வர வேண்டிய விஷயமில்லை.

பாசியிலிருந்து உரம் எடுக்கலாம், ஐஸ்கிரீம் இறுகுவதற்குப் பசை எடுக்கலாம், எத்தனால்கூட எடுக்கலாம் என்றார் மேடம். "எத்தனால் முடியும்னா எத்தியால முடியாதா மேடம்?" என்று கேட்டேன். மேடம் சிரித்துவிட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெயர்: ஜெனோவா. வகுப்பு: பதினொன்று. கிள்ளு: ஒன்று.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கழுவுகிற வேலையை இன்று பார்த்தேன். "பாசியச் சுத்தமான தண்ணில மூணு வாட்டி கழுவிப்போட்டுத்தானுங்க உள்ள போடோணும்" என்று மேடம் சொல்லியிருந்தார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கரையோரம் கலங்கல். அதில் ஒருத்தியையும் கழுவ விடவில்லை. பதினெட்டுப் பேரும் கூடையோடு இடுப்பளவு உள்ளே போய், காலடி மணல் கண்ணாடியாகத் தெரிகிற இடத்தில் நின்று, குழந்தைக்குத் தலை அலசுவதுபோல் ஒவ்வொரு கொத்தாக அலசினார்கள்.

"கலங்கல்ல அலசுறவ இப்பவே வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள் அம்மா.

"ஒன் மகளுக்குக்கூட இப்படித் தேச்சுக் குளிப்பாட்டிருக்க மாட்ட சேசுராணி" என்றாள் புஷ்பம் சித்தி. எதிர்வீடு. சங்கத்தில் அடுத்த தலைவி தான்தான் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

செப்டம்பர் 6, சனி

தொட்டிக்கு மேல் வாயு சேரச் சேர உயரும் இரும்பு மூடிக்கு மீசை வரைந்து 'தொப்பையண்ணன்' என்று பெயர் எழுதினேன். அம்மா பார்த்தாள். மீசை நன்றாக வந்திருந்ததாலோ என்னவோ அழிக்கச் சொல்லவில்லை.

அந்தத் தைரியத்தில் இன்னொன்றும் செய்தேன். என் கூட்டாளி ஆக்னஸ் வீட்டுக் கல்யாணத்தில் மீந்த பன்னீர்ப் புட்டி ஒன்று இருந்தது. தொப்பையண்ணனுக்கு வாய் நாற்றம். அரைப் புட்டியை அவர் வாயில், அதாவது பாசி போடுகிற குழாயில், ஊற்றினேன். ஆக்னஸ் காவலுக்கு நின்றாள்.

மத்தியானம் புஷ்பம் சித்தி அடுப்புப் பக்கம் மூக்கை நீட்டி, "என்னத்தா இது, கோயில் வாசம் அடிக்கி" என்றாள். நானும் ஆக்னஸும் மணலில் புரண்டோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தொட்டி 62 செ.மீ. அடுப்பு 48 நிமிடம். பன்னீரால் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

தொட்டி 55. அடுப்பு 37 நிமிடம். இதற்கும் பன்னீருக்கும் சம்பந்தம் இருக்க முடியாது. ஒரு வாரம் ஆகிவிட்டதே.

செப்டம்பர் 18, வியாழன்

தொட்டி 31. அடுப்பு ஒன்பது நிமிடம் எரிந்து, நீலமாகத் துடித்து அணைந்தது. மீத்தேன் வரவில்லை. மீதித் தேன்கூட வரவில்லை. இந்தச் சிலேடைக்கு யாரும் சிரிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவுமில்லை.

அரைப் புட்டிதான். அதுவும் பாதி தண்ணீர் கலந்த பன்னீர்.

செப்டம்பர் 20, சனி

கேஸ் வரவில்லை. என்மேல் கேஸ் வந்துவிட்டது.

ஆக்னஸ் உளறிவிட்டாள். வேண்டுமென்று இல்லை. அவள் அம்மா பன்னீர் எங்கே என்று தேடியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் பதினெட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"பந்தா ஊதுற பேத்த மீனக் கூடைக்குள்ள போட்டு என்னைய அலற விட்டவதான இவ" என்று புஷ்பம் சித்தி ஆரம்பித்தாள். "அன்னைக்கே ரெண்டு வச்சிருந்தா இன்னைக்கி இம்புட்டு ஆயிருக்குமா? பதினெட்டுப் பேரு வயித்துல மண்ணள்ளிப் போட்டாளே."

"சித்தி, பன்னீர் பூவுல செய்யுறது. பூவால யாராச்சும் செத்திருக்காகளா?"

"வாயப் பாரு. ஏத்தா சேசுராணி, ஒனக்கு இது காதுல விழுகுதா? இல்ல, அதுவும் விழுகலயா?"

அம்மா அவளைப் பார்க்கவேயில்லை. என்னிடம் கையை நீட்டினாள்.

"பச்ச நோட்டக் குடு."

கொடுத்தேன். அதை ஆக்னஸிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திட்டவில்லை. கிள்ளவுமில்லை. ஆக்னஸ் 7-ஐ 1 போல் எழுதுவாள். ஆய்வு உலகம் என்ன ஆகுமோ.

சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

தமயந்தி மேடம் வந்தார். ஒரு காகிதத் துண்டைக் கரைசலில் தோய்த்து, நிறம் பார்த்து, "புளிச்சுப் போச்சுங்க" என்றார். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் இருக்கின்றனவாம். அவைதான் பாசியைத் தின்று வாயு விடுகின்றன. அவை செத்துக்கொண்டிருக்கின்றன.

"கழுவித்தானுங்க போடறீங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

"மூணு அலசு மேடம். நல்லா சுத்தமான தண்ணில. ஒரு மண்ணு இருக்காது."

"அப்பறம் என்னதானுங்க இது" என்று மேடம் நெற்றியைத் தேய்த்தார்.

அவர் வண்டி ஏறும்போது பின்னாலேயே போய், பன்னீர் கோடி உயிர்களைக் கொல்லுமா என்று கேட்டேன்.

"அரைப் புட்டிக்கெல்லாம் சாகாதுங்க கண்ணு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா அது இல்லவே இல்லைன்னு என்னால எழுதியும் கொடுக்க முடியாதுங்க" என்றார்.

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

செப்டம்பர் 27, சனி

அம்மா வாசலில் உட்கார்ந்து சாளை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், நான் மீனை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக எங்களுக்குள் பேச்சு, 'சோறு இருக்கு', 'சரி' என்ற அளவில்தான். பேச்சை வளர்க்க ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"ஏம்மா இம்புட்டு உப்பு?"

"இல்லனா அழுகிரும்ல."

"உப்பு போட்டா ஏன் அழுகாது?"

"பதினொண்ணாப்பு படிக்கிற, எங்கிட்டக் கேக்குற. அழுக வைக்கிற பூச்சி உப்புல பொழைக்காதுடி. அம்புட்டுதேன்."

கையிலிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். தொட்டிப் பக்கம் ஓடி, அன்று கழுவிக் குவித்த கட்டக்கோரையில் ஒரு கொத்தை எடுத்து நக்கிப் பார்த்தேன். கடல்.

'சுத்தமான தண்ணீர்' என்று மேடம் சொன்னது குழாய்த் தண்ணீரை. கோயம்புத்தூரில் வேறு தண்ணீர் ஏது? எங்கள் ஊரில் சுத்தமான தண்ணீர் என்றால் கலங்கலில்லாத கடல். முங்குகிறவர்களுக்கு அடி தெரிய வேண்டும். தெரிந்தால் அதுதான் சுத்தம். பதினெட்டுப் பேரும் அதைத்தான் நினைத்தார்கள். நல்ல தண்ணீரில் பாசியை நனைக்கிற பழக்கமே இங்கே கிடையாது. நனைந்தால் வெளுத்துவிடும், வியாபாரி வாங்க மாட்டான்.

தொட்டியின் வேலையே அழுகுவது. நாங்கள் ஒரு மாதமாக அதைக் கருவாடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கேஸ் தள்ளுபடி. நேராக ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடலில் கழுவ வைத்தது யார், மூன்று அலசு என்று பெருமையாகச் சொன்னது யார் என்று உடனே கேட்பார்கள். காது கேட்காதவளைத் தலைவியாக வைத்தால் இப்படித்தான் என்று புஷ்பம் சித்தி சொல்வாள். அந்த வாக்கியம் அவள் வாயில் இப்போதே தயாராக இருக்கிறது.

வெயில் அதிகம். அதனால்தான் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

முதலில் நானே உறுதி செய்துகொள்வதுதான் முறை. இரண்டு குளிர்பானப் புட்டிகள். இரண்டிலும் ஒரே அளவு சாணக் கரைசல். ஒன்றில் கடலில் கழுவிய பாசி, இன்னொன்றில் ஊற்றுத் தண்ணீரில் கழுவிய பாசி. வாயில் பலூன். கடலுக்கு நீலம், ஊற்றுக்குச் சிவப்பு. கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஆக்னஸ் வந்து, "இது வெளையாட்டா, நெசமா?" என்றாள். எனக்கே முதல் முறையாகத் தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

முட்டை எடுக்கப் போன அம்மா கண்டுபிடித்துவிட்டாள். சிவப்பு பலூன் தேங்காய் அளவுக்கு நிமிர்ந்து நின்றது. நீலம் வாடிய கத்தரிக்காயாகத் தொங்கியது.

"இது என்னடி புதுக் கூத்து?"

பொய் சொல்ல நான்கு வழிகள் தோன்றின. நான்கும் நல்ல பொய்கள். அம்மாவின் வலது பக்கம் வந்து நின்று உண்மையைச் சொன்னேன். கருவாட்டில் தொடங்கி, நக்கிப் பார்த்தது வரைக்கும்.

அம்மா இரண்டு பலூன்களையும் மாறிமாறி அமுக்கிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"போன சனிக்கெழம."

"ஆறு நாளா ஏன் சொல்லல?"

கோழிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேறொன்று வந்தது. தூசி.

அக்டோபர் 4, சனி

சங்கக் கூட்டம். மேடமும் வந்திருந்தார். நான் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அம்மா என்னைப் பேச விடுவாள் என்று நினைத்தேன். அவளே எழுந்தாள்.

"பன்னீரும் இல்ல, வெந்நீரும் இல்ல. கடல் தண்ணி. கடல்ல கழுவச் சொன்னது நானு. தொட்டி செத்தது அதுனாலதேன். எம் மக மேல பேசுனதுல யாருக்கும் பாக்கி இருந்தா என்கிட்டப் பேசுங்க."

புஷ்பம் சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் மேடம், "ஐயோ, தப்பு எம்மேலதானுங்க" என்று எழுந்துவிட்டார். "நான் சுத்தமான தண்ணின்னு சொல்லிப்போட்டேன். உப்பில்லாத தண்ணின்னுல்லங்க சொல்லியிருக்கோணும்."

"நீங்க சொன்னதும் சரி மேடம், நாங்க செஞ்சதும் சரி" என்றாள் அம்மா. "தண்ணிதான் வேற."

புஷ்பம் சித்தி நீல பலூனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். "நானுந்தேன் கடல்னு நெனச்சேன்" என்றாள். "எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தேன் கேக்கும்."

எதிர்வீட்டுக்காரி வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேத்தை மீனுக்காக மனதுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள் போதும்.

கூட்டம் முடிந்ததும் ஆக்னஸ் பச்சை நோட்டை நீட்டினாள். கெஞ்சும் பார்வை. ஒரு நாளில் தொட்டி பதினேழா, பதினொன்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தொட்டியில் பாதியை வெளியே எடுத்தோம். உச்சிப்புளிப் பக்கம் ஒரு பண்ணையில் சாண எரிவாயுத் தொட்டி நன்றாக ஓடுகிறதாம். அங்கிருந்து இருபது பீப்பாய் கரைசல் வண்டியில் வந்தது. இப்போது தொப்பையண்ணனுக்குப் புது ரத்தம். இன்னும் பத்தொன்பது நாள்.

பாசி கழுவத்தான் தண்ணீர் இல்லை. மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்ப இருபது நிமிடம். குடிக்கவே அதுதான். ஒரு கூடை பாசிக்கு ஆறு குடம். தொட்டிக்குத் தினம் ஐந்து கூடை. எல்லோரும் ஆளுக்கு ஒரு குடம் கொடுத்தார்கள். மூன்று கூடைக்குமேல் தேறவில்லை.

அக்டோபர் 8, புதன்

தொட்டி 22. கை கொப்புளம் மூன்று. என் இடுப்புக்கும் குடத்துக்கும் இனி ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அக்டோபர் 11, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் தெற்கே கறுத்தது. கரையில் கட்டக்கோரை மூட்டை மூட்டையாகக் கிடந்தது. முதல் துளி விழுந்ததும் எல்லோரும் வழக்கம்போல் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மழை என்றால் பாசியை மூடு. இங்கே பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா ஓடவில்லை. நடுக்கரையில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

"மூடாதீங்க" என்றாள்.

யாரும் நிற்கவில்லை. கால்கள் நிற்க வேண்டுமே. அம்மா ஓடிவந்து புஷ்பம் சித்தி கையிலிருந்த தார்ப்பாயைப் பிடுங்கினாள்.

"மூடாதீங்கடி. விரிங்க. எல்லாத்தயும் அவுத்து விரிங்க. வானம் கழுவித் தருது, நீங்க கொடை புடிக்கிறீக."

ஒரு நொடி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் புஷ்பம் சித்தி முதல் மூட்டையை அவிழ்த்தாள். காலமெல்லாம் மழைக்குப் பாசியை ஒளித்தவர்கள், கொட்டுகிற மழையில் அதை மணல்மேல் பாய்போல் விரித்து, புரட்டி, மறுபடி புரட்டினார்கள். ஆக்னஸின் அம்மா ஒரு கொத்தைத் தூக்கி மழையில் உதறினாள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நனைந்த சேலையும் வாய் நிறைய மழையுமாகப் பதினெட்டுப் பேர்.

ஒரு மணி நேரம் கழித்து நக்கிப் பார்க்கும் வேலை எனக்கு. ஊரின் அதிகாரபூர்வ நாக்கு நான்தான். பதினெட்டுக் குவியலையும் நக்கினேன். உப்பில்லை.

"இல்லம்மா" என்றேன்.

"சத்தமாச் சொல்லு."

அவளுக்குக் கேட்டிருந்தது. மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னாள். கத்தினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தொட்டி 58. அடுப்பு 51 நிமிடம். நீலத் தீ. நடுங்காத தீ. மழையில் கழுவிக் காயவைத்த பாசி 24 வரை தாங்கும்.

அக்டோபர் 23, வியாழன்

தொட்டி 94. அம்மா மூன்று தடவை எழுந்துபோய்த் தொப்பையண்ணனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். நான் இரண்டு தடவைதான் போனேன். அதற்குமேல் போனால் கவலைப்படுகிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

குழுவில் மூன்று பேர். தலைவர் வழுக்கை, கையில் நிறுத்து கடிகாரம். காலை 10:05க்கு அம்மா தீக்குச்சி கிழித்தாள். அடுப்பில் பெரிய குண்டான், ஊருக்கே கஞ்சி.

நாற்பதாவது நிமிடம் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று திரும்பியது. தீ படுத்தது. விதிமுறைப்படி அணைந்தால் முடிந்தது, மறுபடி பற்றவைக்கக் கூடாது. புஷ்பம் சித்தி அடுப்புக்குக் கிழக்கே போய் முந்தானையை விரித்து நின்றாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. பெண்களாலேயே ஒரு சுவர். தீ எழுந்து உட்கார்ந்தது.

"இது விதியில இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"அடுப்பத் தொடக் கூடாதுன்னுதான இருக்கு" என்றேன். "காத்தத் தொடக் கூடாதுன்னு இல்லயே சார்."

வழுக்கைத் தலைவர் எதையோ குறித்துக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஒன்றேகால் மணி நேரம் கழிந்தது.

12:05. கடிகாரத்தை நிறுத்தி, "போதும்மா, அணைச்சிடலாம்" என்றார்.

"கஞ்சி வேகல சார்" என்றாள் அம்மா.

இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம் எரிந்தது. தலைவர் இரண்டு கிண்ணம் குடித்தார். "இதையெல்லாம் உங்களுக்கு வடிவமைச்சுக் கொடுத்த பொறியாளர் யாரும்மா?" என்று கேட்டார். அம்மா தன் பின்னால் நின்றவர்களைக் கையால் காட்டினாள். பதினெட்டுப் பேரின் முந்தானையிலும் புகை வாசம் இல்லை. பாசி வாயுவுக்குப் புகை கிடையாது.

பச்சை நோட்டில் '162 நிமிடம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். ஒரு கோடுதான் போட வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

கடிதம் வந்தது. ஆலை வெள்ளமுனைக்கு. தை முதல் வேலை. அம்மா முங்குக் கண்ணாடியைப் புஷ்பம் சித்தியின் மகனிடம் கொடுத்துவிட்டாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிண்ணம் செய்வானாம்.

வடக்கே தோற்ற ஊருக்கும் ஒரு சின்னத் தொட்டி தருகிறார்கள். அங்குள்ள பெண்களுக்குச் செய்முறை எழுதித் தர முடியுமா என்று மேடம் கேட்டார். எழுதியது நான், சொன்னது அம்மா.

"கட்டக்கோரைய ஊத்துத் தண்ணில கழுவணும். கடல்ல கழுவக் கூடாது. எவ்வளவு தெளிவா இருந்தாலும் கூடாது. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"மழ வந்தா மூடாதீக. கழுவுனதுக்குப் பொறவு ஒருத்தர் நக்கிப் பாக்கணும். தொட்டி படுத்துருச்சுன்னா மொதல்ல தண்ணியப் பாருங்க. பொறவு ஆளப் பாருங்க."

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ யாரு பேரும்மா போட? ஒன் பேரா?"

"வெள்ளமுனைக்காரிகன்னு போடு. ஒன்னையும் சேத்துத்தேன்."

போட்டேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றிப் போடவில்லை.